சங்கு முந்தியா, பெல்ட் முந்தியா?

வேலையில் இருந்தவரை நான் எதைச் சொன்னாலும் "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு இயர்போனைக் காதில் செருகிக்கொண்ட பிள்ளைகள், நான் ரிட்டயர் ஆன பிறகு தேடிப்பிடித்துச் சந்தேகம் கேட்கிறார்கள். போன வாரம் திவ்யா போன் செய்தாள். எங்கள் கம்பெனியில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆன பெண். கெட்டிக்காரி. அது அவளுக்கும் தெரியும்.

"மேடம், இப்பல்லாம் டெஸ்ட்டை ஏஐயே எழுதிக் குடுத்துடுது. நான் ஒரு காபி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள ஸ்கிரீன் முழுக்கப் பச்சை. ஆனா செல்வம் சார் ஒத்துக்கவே மாட்டேங்கறாரு. ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் புரோகிராம்ல ரெண்டு வரியை இடம் மாத்திப் போட்டு, செவப்பு வருதான்னு பாக்கணுமாம். நல்லா இருக்கறதை எதுக்கு மேடம் கெடுத்துப் பாக்கணும்? கேட்டா, மல்லிகா மேடம்கிட்ட கேளுங்கறாரு."

செல்வம் தப்பிக்கத் தெரிந்தவன். இந்தக் கதையைச் சொன்னால் அவன் பெயரும் வரும், அதனால் என் பக்கம் தள்ளிவிட்டிருக்கிறான். தம்பி, உன் பெயரை விடுவதாக இல்லை. போனில் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை. எனவே எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் கிடையாது. எங்களுக்குக் கம்மாபுரம் பக்கம். அப்பா பிறர் நிலத்தில் வேலை செய்தவர், பிறகு நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆள். பெர்மனென்ட் ஆகிவிடும், ஆகிவிடும் என்று சொல்லிக்கொண்டே ஓய்வு வயதைத் தாண்டினார். நான் டிப்ளமோ முடித்து, ஒரு ஜெராக்ஸ் கடையில் ஊரிலுள்ளவர்களின் பயோடேட்டாவை எல்லாம் டைப் அடித்தேன். அத்தனை பேருக்கும் வேலை கிடைத்தது, எனக்கு மட்டும் கிடைக்கவில்லை. கடைசியில் டவுன்ஷிப்பில் ஒரு பேக்கரியின் மாடியில் புதிதாக ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி ஆரம்பித்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் படியேறினேன். இறங்கியது ரிட்டயர் ஆகும்போதுதான்.

அந்தக் கம்பெனியை நடத்தியவர் கந்தசாமி சார். பொள்ளாச்சிக்காரர். மைன்ஸில் கன்வேயர் பகுதியில் என்ஜினியராக இருந்து ரிட்டயர் ஆனவர். ரிட்டயர் ஆனவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, வடலூர் பக்கம் வீடு கட்டி, வாசலில் கொய்யா வைத்து, காலையில் நடக்கப் போவார்கள். சாரும் வீடு கட்டினார், கொய்யாவும் வைத்தார், நடக்கத்தான் பிடிக்கவில்லை. அறுபது வயதில் புரோகிராமிங் படிக்க ஆரம்பித்தார். தடித்தடியான புத்தகங்களை வாங்கி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பிரவுன் அட்டை போட்டு, லேபிள் ஒட்டிப் பெயர் எழுதி வைத்திருப்பார். லேபிளில் 'வகுப்பு' என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருப்பார். அதைப் பற்றிக் கேட்க எங்களில் யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

சாருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. மரியாதை உயரும். சாதாரணமாக "மல்லிகா, இங்க வாங்க" என்பார். கொஞ்சம் எரிச்சல் என்றால் "மல்லிகாங்க, கொஞ்சம் வர்றீங்களாங்க" ஆகும். நல்ல கோபம் என்றால் "மேடம்" வந்துவிடும். அதற்கு மேலே ஒரு படி இருக்கிறது என்றும் அங்கே 'தாங்கள்' வரும் என்றும் செல்வம் சொல்வான். நான் அதுவரை கேட்டதில்லை.

எங்கள் வேலை, சுற்று வட்டாரத்தில் உள்ள சின்ன ஆலைகளுக்கு மெஷின்களை ஓட்டும் புரோகிராம் எழுதுவது. அரிசி ஆலை, எடைமேடை, செங்கல் சூளை என்று எது வந்தாலும் எடுத்துக்கொள்வோம். இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரு புரோகிராமின் சின்னத் துண்டை மட்டும் தனியாக எடுத்து ஓட்டிப் பார்ப்பதற்கு யூனிட் டெஸ்ட் என்று பெயர். ஆனால் பேக்கரி மாடியில் பெல்ட்டும் மோட்டாரும் கிடையாது. அதனால் நிஜ மோட்டார் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு போலி மோட்டாரை வைப்போம். மாக் ஆப்ஜெக்ட் என்பது இதுதான். அது ஓடாது, சுற்றாது. தன்னை யார் கூப்பிட்டார்கள், என்ன செய்யச் சொன்னார்கள் என்று மட்டும் நினைவு வைத்திருக்கும். எல்லாம் முடிந்த பிறகு அதைக் கூப்பிட்டு, "உன்னை என்னென்ன செய்யச் சொன்னான், எந்த வரிசையில் சொன்னான்?" என்று விசாரிக்கலாம். பதில் சரியாக இருந்தால் திரையில் பச்சை, தப்பானால் சிவப்பு. சினிமாவில் ஹீரோவுக்குப் பதில் குதிக்கிறவரைச் சொல்வதுபோல சார் அதை 'டூப்' என்றார். எங்களுக்கும் அது டூப்தான்.

வரிசை என்பது சாருக்கு ரத்தத்தில் ஊறிய விஷயம். மைன்ஸில் ஒரு பெல்ட் கொண்டுபோய் அடுத்த பெல்ட்டில் கொட்டும், அது அதற்கடுத்ததில் கொட்டும். கிளப்பும்போது கடைசிப் பெல்ட்டைத்தான் முதலில் கிளப்ப வேண்டும். முதல் பெல்ட்டை முதலில் கிளப்பினால், அது கொட்டுகிற இடத்தில் அடுத்தது தூங்கிக்கொண்டிருக்கும், கரி குவிந்துவிடும். நிறுத்தும்போது இதற்கு நேர் தலைகீழ். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் சங்கு, அதாவது எச்சரிக்கை சைரன். சங்கு ஊதி, பெல்ட் பக்கம் இருக்கிறவர்கள் விலகுகிற அளவுக்குப் பொறுத்து, அப்புறம்தான் எதுவும் அசைய வேண்டும். "சங்கு ஊதாம பெல்ட்டைக் கெளப்பறவன் மனுசனே இல்லைங்க" என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிக்க மாட்டார்.

புதிதாகச் சேர்ந்தவர்களை அவர் முதல் வாரம் கம்ப்யூட்டரையே தொட விடமாட்டார். வரிசையாக நிற்கவைத்து, நீ சங்கு, நீ ஒன்றாவது பெல்ட், நீ இரண்டாவது என்று பிரித்துவிட்டு, நடுவில் நின்று கூப்பிடுவார். கூப்பிடக் கூப்பிடக் கையைச் சுற்ற வேண்டும். டிகிரி முடித்த பிள்ளைகள் கையைச் சுற்றிக்கொண்டு நிற்கும்போது பேக்கரிக்கு வந்தவர்கள் மாடியை அண்ணாந்து பார்ப்பார்கள்.

நான் முதன்முதலில் எழுதிய டெஸ்ட், குள்ளஞ்சாவடியில் ஒரு அரிசி ஆலையின் எடைமேடைக்கு. லாரி ஏற வேண்டும், எடை எடுக்க வேண்டும், பிறகு கேட் திறக்க வேண்டும். ஓட்டினேன், பச்சை. பெருமையாகச் சாரிடம் காட்டினேன். அவர் கேட் திறக்கிற வரியையே புரோகிராமிலிருந்து அழித்துவிட்டு, என் டெஸ்ட்டை மறுபடி ஓட்டினார். அப்போதும் பச்சை. டூப்பை வைத்தேனே தவிர, கடைசியில் அதை விசாரிக்க மறந்திருந்தேன்.

"லாரி உள்ளயே நிக்குதுங்க மேடம். உங்க டெஸ்ட் கேட் தெறந்துச்சான்னு பாக்காம வீட்டுக்குப் போயிருச்சுங்க" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் கம்பெனியின் நடைமுறை இதுதான். யார் டெஸ்ட் எழுதினாலும், வேறொருவர் உட்கார்ந்து புரோகிராமை வேண்டுமென்றே கெடுப்பார். ஒரு வரியை எடுப்பார், இரண்டு வரியை இடம் மாற்றுவார். டெஸ்ட் கத்தினால் அது டெஸ்ட். கத்தாவிட்டால் குப்பை. திவ்யா, நல்லா இருக்கிறதை எதற்குக் கெடுக்க வேண்டும் என்று கேட்டாயே, அது நல்லா இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான்.

செல்வம் பண்ருட்டிப் பையன், என்னைவிடப் பல வயது சின்னவன். இந்த நடைமுறை அவன் தலைக்கு ஏறிவிட்டது. எதை எடுத்தாலும் வரிசையைச் சோதிக்க ஆரம்பித்தான். ஒரு ரசீதில் கடைப் பெயர் முதலில் அச்சாகிறதா, தேதி முதலில் அச்சாகிறதா என்பதற்குக்கூட டெஸ்ட். யாராவது ஒரு வரியைத் தெரியாமல் மாற்றினால் ஆபீஸே சிவப்பாகிவிடும். சார் ஒருநாள் அவனை உட்காரவைத்துக் கேட்டார்.

"வரிசை தப்புனா யாருக்கு வலிக்கும்னு பாருங்க செல்வம். யாருக்காச்சும் வலிச்சா சோதிங்க. வலிக்கலைன்னா விட்டுருங்க. ரசத்துக்கு முன்னால மோர் ஊத்துனா யாருக்கு வலிக்கும்?"

"எனக்கு வலிக்கும் சார்" என்றான் செல்வம்.

சார் கொஞ்சம் யோசித்து, "எனக்குந்தானுங்க" என்று ஒத்துக்கொண்டார்.

இப்படி எல்லாருடைய டெஸ்ட்டையும் எல்லாரும் உடைத்தோம், ஒருவருடையதைத் தவிர. சார் எழுதியதை யாரும் தொட்டதில்லை. தொடாதே என்று அவர் சொன்னதும் கிடையாது. எங்களுக்கே தோன்றவில்லை. பெரியவர் சாப்பிட உட்கார்ந்த இலையில் கைவிட்டு உப்பு சரியா என்று யாராவது பார்ப்பார்களா? அப்படித்தான் இருந்தோம். உடைத்துப் பார் என்று சொல்லிக்கொடுத்த மனிதருடையதை மட்டும் பூஜை அறையில் வைத்துவிட்டோம். மரியாதை என்று நாங்கள் நினைத்தது அவருக்குச் செய்த கெடுதல் என்று புரிய வெகுநாள் ஆனது.

அந்த வருஷம் பண்ருட்டியில் ராஜமாணிக்கம் என்ற ஒரு முதலாளி புதிதாக முந்திரி ஆலை கட்டினார். அவித்த கொட்டை முதல் பெல்ட்டில் ஏறி, உடைக்கிற மெஷின், உலர்த்துகிற அறை, தோல் நீக்குகிற இடம் என்று போய், நாலாவது பெல்ட்டில் பருப்பாக வந்து சேரும். நாலாவது பெல்ட் மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம், தனிக் கொட்டகையில். அதன் இரண்டு பக்கமும் பெண்கள் உட்கார்ந்து முழுப்பருப்பு, உடைந்தது என்று தரம் பிரிப்பார்கள். பெல்ட் நிற்கும்போது அதன் மேலும் உருளை ஓரத்திலும் கையை விட்டுத் துடைப்பார்கள். அதனால் சங்கு கட்டாயம். கிளப்புகிற புரோகிராமைச் செல்வம் எழுதினான். சங்கும் பெல்ட்டும் என்றதும் சாருக்குக் கை துறுதுறுத்து, அதன் டெஸ்ட்டை அவரே எழுதினார்.

சோதனை ஓட்டமும் நன்றாக நடந்தது. எல்லாரும் முன்பக்கம் பேனல் அருகே நின்றோம். முதலாளி பட்டனை அழுத்தினார், சங்கு ஊதியது, பிறகு கண்ணெதிரே முதல் பெல்ட் ஓடியது. கைதட்டிவிட்டுக் கேசரி சாப்பிட்டோம். திறப்புவிழா ஒரு திங்கட்கிழமை என்று முடிவானது.

அதற்கு முந்தைய சனிக்கிழமை காலையில் என் அண்ணி அஞ்சலை எங்கள் வீட்டுக்கு வந்தாள். அண்ணி பல வருஷமாக வீட்டிலிருந்தே கூலிக்கு முந்திரிக்கொட்டை உடைத்தவள். கொட்டையின் பால் பட்டுப் பட்டு விரலெல்லாம் கறுத்து, தோல் உரிந்து கிடக்கும். கல்யாண வீட்டில் அவள் கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருப்பாள். அன்றைக்கு இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாரு, ஆறிக்கினு வருது. ராஜமாணிக்கம் ஆலையில எடம் கெடச்சிட்டுது. தரம் பிரிக்கிற வேல. இனிமே கையில பாலே படாது. கடேசி பெல்ட்டு, எனக்குத்தான் மொத சீட்டு. அதுக்குக் கம்ப்யூட்டர் வேல பாத்தது நீங்கதானாமே? அப்ப எனக்கு என்னா பயம்?"

அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கும் பயம் வந்திருக்காது. பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்தக் கைதான் கண்ணில் நின்றது. சார் எழுதிய டெஸ்ட்தானே என்று மனதைத் தேற்றினேன். யாரும் உடைத்துப் பார்க்காத டெஸ்ட்தானே என்று அதே மனது திருப்பிக் கேட்டது.

மதியம் சார் சாப்பிட்டுக் கண் அயர வீட்டுக்குப் போகும் நேரம். நான் அவருடைய டெஸ்ட்டைத் திறந்தேன். வழக்கம்போல ஒரு மாற்று மாற்றிப் பார்க்கலாம், நாலாவது பெல்ட்டைக் கிளப்புகிற வரியைச் சங்குக்கு முன்னால் கொண்டுபோகலாம் என்று புரோகிராமைத் திறந்தால், அது ஏற்கெனவே சங்குக்கு முன்னால்தான் இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். டெஸ்ட்டை ஓட்டினேன். பச்சை. வரியை எடுத்துச் சரியான இடத்தில், சங்குக்குப் பின்னால் போட்டு ஓட்டினேன். அதுவும் பச்சை. இப்படியும் பச்சை, அப்படியும் பச்சை.

செல்வம் கையில் பஃப்ஸுடன் மேலே வந்தான்.

"அக்கா, சார் டெஸ்ட்டயா உடைக்கிற? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"நாலாவது பெல்ட்டை ஏன்டா மேல தூக்கிப் போட்ட?"

"அதுவா? அது பெரிய மோட்டாரு, வேகம் புடிக்க நேரமாவுது. சோதன ஓட்டத்துக்கு முந்தி ஓட்டிப் பாத்தப்ப மொதலாளி பட்டன அழுத்திட்டு எவ்ளோ நேரம் நிக்கிறதுன்னு கத்திக்கினு இருந்தாரு. அதான் அத மட்டும் ஆரம்பத்துலயே சேத்தேன். மாத்திட்டு டெஸ்ட்டயும் ஓட்டிப் பாத்தேன்க்கா. பச்சையாத்தான் வந்துச்சு." பாதியில் நிறுத்தினான். பஃப்ஸை மேஜையில் வைத்தான். "அய்யய்யோ. அங்கதான் பொம்பளைங்க ஒக்காருவாங்க."

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் கம்பெனி நடைமுறைப்படி அவன் மாற்றிவிட்டு டெஸ்ட்டையும் ஓட்டிப் பார்த்திருக்கிறான். சுவருக்கு அந்தப் பக்கம் சங்குக்கு முன்பே பெல்ட் ஓடியது, இந்தப் பக்கம் கேசரி சாப்பிட்ட எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

"பேசாம மாத்திடலாம்க்கா. திங்கக்கெழம காலைல மொத ஆளாப் போயி பேனல்ல புதுசு ஏத்திடறேன். சாருக்கு எதுக்குத் தெரியணும்? மனசு ஒடஞ்சிடுவாரு" என்றான்.

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் சார் எழுதிய டெஸ்ட்டுகள் இன்னும் பல ஆலைகளில் இருந்தன. அவருக்கே தெரியாமல் அவற்றை எப்படித் திருத்துவது? சொல்லியே ஆக வேண்டும். சொல்கிற வாய்தான் யாருக்கும் இல்லை. கடைசியில் வாயால் சொல்ல வேண்டாம், சாருடைய பழைய வித்தையாலேயே காட்டிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

சார் தூக்கக் கலக்கம் தெளிந்து டீ நேரத்துக்கு வந்தார். "சார், ஒரு நிமிஷம் உங்க ரூம்ல கதவைச் சாத்திட்டு இருங்க. நாங்க பெல்ட் கெளப்பறோம். நீங்கதான் டெஸ்ட். டெஸ்ட்டுக்குக் கண்ணு கெடையாது, முடிஞ்சப்பறம் வந்து விசாரிங்க" என்றேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

செல்வம் சங்கு. கணக்குப் பார்க்கும் காதர் பாய் பெல்ட்டுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டூப், சாரின் டெஸ்ட்டில் இருந்த மாதிரியே. புரோகிராம் நான். முதலில் நாலாவது பெல்ட் என்றேன், காதர் பாய் கையைச் சுற்றினார். பிறகு சங்கு என்றேன், செல்வம் ஊதினான். அப்புறம் மூன்று, இரண்டு, ஒன்று. சாரைக் கூப்பிட்டோம்.

"சங்குங்க, நீங்க என்ன பண்ணுனீங்க?"

"ஊதினேன் சார். கொஞ்சம் பொறுத்து நிறுத்தினேன்."

"சரி. பாய், நீங்க?"

"நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு. அந்த வரிசையில ஓடினேன் சார்."

"சரியாத்தானுங்களே இருக்குது. பச்சை."

"சார், சங்கு ஊதும்போது நாலாவது பெல்ட் நின்னுட்டு இருந்துச்சா, ஓடிட்டு இருந்துச்சா? அதையும் கேளுங்க" என்றேன்.

சார் காதர் பாயைப் பார்த்தார். பாய்க்குப் பொய் சொல்ல வராது. "ஓடிக்கிட்டு இருந்துச்சு சார்" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

இரண்டு சாட்சிகளையும் தனித்தனியாக விசாரித்தாயிற்று, இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள். இருவரில் யார் முந்தி என்று மட்டும் சாரின் டெஸ்ட் யாரையும் கேட்கவே இல்லை. அதை விளக்க வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தாங்கள் இதை எப்போது பார்த்தீர்கள்?" என்று கேட்டார். செல்வம் சொன்ன அந்த மேல்படி நிஜமாகவே இருந்தது.

"மத்தியானம் சார்."

"என் கோவம் உங்க மேல இல்லைங்க" என்றார். "முப்பது வருசம் மைன்ஸ்ல இருந்தனுங்க. சங்கு ஊதாம ஒரு பெல்ட்டைக் கெளப்புனதில்லை. ரிட்டயர் ஆயி வந்து, பேக்கரி மாடியில உக்காந்துட்டுக் கெளப்பியிருக்கறனுங்க."

எங்களுக்கு அழுகை வரும்போல இருந்தது. அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். எழுந்து, டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "நான் எழுதுனது எல்லாத்தையும் எடுங்க. எல்லாத்தையும் உடைங்க. கூச்சப்படாதீங்க, இத்தன வருசத்துப் பழி இருக்குமல்லங்க, நல்லா அனுபவிச்சு உடைங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உடைத்தோம். கொஞ்சம் அனுபவிக்கவும் செய்தோம். முந்திரி ஆலைக்குப் புது டெஸ்ட்டை என்னையே எழுதச் சொன்னார். சங்குக்கும் பெல்ட்டுக்கும் பொதுவாக ஒரே ஒரு ஆள் நின்று, யார் முந்தி, யார் பிந்தி என்று எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நினைவு வைத்துச் சொல்லும்படி எழுதினேன். பெல்ட் வரியைச் சரியான இடத்துக்கு மாற்றியதும் நான்தான். செல்வம் அதை நாலைந்து விதமாகக் கெடுத்துப் பார்த்தான், ஒவ்வொரு தடவையும் டெஸ்ட் கத்தியது.

திங்கட்கிழமை காலை ஆலைக்குப் போய்ப் பேனலில் புதுப் புரோகிராமை ஏற்றினோம். ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்றார் சார். முதலாளி விடவில்லை. விடியற்காலையே பூஜை போட்டு மெஷினுக்கெல்லாம் பூ வைத்தாயிற்று, இனி முதல் ஓட்டம் நல்ல நேரத்தில்தான், அதற்கு முன்னால் ஒரு பெல்ட்டும் அசையக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தார். சார் அவரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார், தப்பு என்னுது என்றும் சொன்னார்.

"அதான் சரி பண்ணிட்டீங்கல்ல? அப்பறம் என்னாத்துக்கு அத சொல்லிக்கினு? விடுங்க" என்றார் முதலாளி.

"அங்க உக்காரப் போறவங்களுக்குத் தெரிய வேணாமுங்களா?" என்று கேட்டுவிட்டு, சார் நேராகப் பின்பக்கக் கொட்டகைக்கு நடந்தார். நானும் ஓடினேன்.

பெண்கள் புதுப் புடவையில், பூ வைத்துக்கொண்டு, அவரவர் ஸ்டூல் பக்கத்தில் நின்றார்கள். சார் அவர்களிடமும் சொன்னார். போன தடவை சங்குக்கு முன்னால் பெல்ட் ஓடிவிட்டது, நாங்கள் கவனிக்கவில்லை, இப்போது மல்லிகா திருத்தியிருக்கிறார், ஆனால் திருத்தியதை இந்த மெஷினில் இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் சொன்னார். ஒருத்தியும் உட்காரவில்லை. முன்பக்கத்திலிருந்து ஆள் வந்து, நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது, முதலாளி கத்துகிறார், உட்காருங்கள் என்றான். அப்போதும் உட்காரவில்லை.

அஞ்சலை அண்ணி முன்னால் வந்தாள். ஆறிக்கொண்டிருந்த கை இரண்டையும் கட்டிக்கொண்டு நின்றாள்.

"திருத்தினது நம்ம மல்லிகாதானாமே, அது சரி. ஆனா கை எங்களுது. மொதல்ல நீங்க ஒக்காருங்க சார். அப்பறமா நாங்க ஒக்கார்றோம்."

எனக்கு உயிரே போயிற்று. சாரோ அவளைப் பார்த்துத் தலையாட்டினார். "நியாயமுங்க" என்றார். முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு முதல் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரு கையால் பெல்ட்டை அவசரமாக நிறுத்தும் கயிற்றைப் பிடித்துக்கொண்டார், அந்த அளவுக்கு மைன்ஸ்காரர். இன்னொரு கையை விரித்து, உருளைக்குப் பக்கத்தில், துடைக்கிறவர்கள் வைக்கிற இடத்திலேயே வைத்தார். வந்த ஆளிடம், அழுத்தச் சொல்லுங்க என்றார்.

சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பது எங்களுக்குத் தெரியாது. மணிச் சத்தம் கேட்டது. தேங்காய் உடைந்தது, நான் ஒருமுறை துள்ளினேன். வரி சரியான இடத்தில்தான் இருக்கிறதா, ஏற்றியது புதுசுதானா, பழசா? நானே எழுதி, நானே மாற்றி, செல்வம் உடைத்துப் பார்த்து, எல்லாம் செய்தாயிற்று. அத்தனையும் டூப்பை வைத்துச் செய்தது. இங்கே இருப்பது சாருடைய கை. எழுபது வயதுக் கை, மேலே நரம்பு தெரிந்தது. என் வேலைக்காலம் முழுவதிலும் அவ்வளவு பயந்ததில்லை, இனிமேலும் பயப்படப் போவதில்லை.

சங்கு ஊதியது.

பெல்ட் அசையவில்லை. சார் அவசரப்படாமல் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சங்கு ஊதி முடித்தது. கொஞ்சம் பொறுத்து, பூமாலையோடு சேர்ந்து நாலாவது பெல்ட் மெதுவாக நகர ஆரம்பித்தது.

சார் என் பக்கம் திரும்பி இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். "ரெண்டும் இருக்குதுங்க மல்லிகா. எண்ணிக்கங்க."

நான் சிரிக்க நினைத்து அழுதுவிட்டேன். அண்ணி என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சாரிடம் போய் நின்றாள்.

"எந்திரிங்க சார், அது என் சீட்டு."